தேர் வராத தெரு வழியாக

உங்கள் ஊர் மருத்துவமனைக்குப் போகிற இணையக் கம்பி எந்தத் தெரு வழியாகப் போகிறது, சொல்ல முடியுமா? முடியாதுதானே? அதற்கென்றே சம்பளம் வாங்கிய ஹஃபீஸாவாலும் ஓர் ஆடி மாதம் வரை சரியாகச் சொல்ல முடியவில்லை.

அவள் ராஜபாளையத்து நூல் கடைக்காரர் மகள். கிருஷ்ணன்கோவிலுக்குக் கல்லூரிப் பேருந்தில் போய்ப் படித்தவள். சாலையில் வண்டி சிக்கி நின்றால் மற்றவர்கள் தூங்குவார்கள். இவளோ வேறு எப்படிப் போகலாம் என்று சன்னல் வழியே சந்து சந்தாகத் தேடுவாள். அந்தப் புத்தியே பிழைப்பானது. ராஜபாளையத்திலிருந்து கூமாப்பட்டி வரை ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கண்ணாடி இழை வலையமைப்பை வடிவமைத்தாள். திருவில்லிபுத்தூருக்குள் இரண்டு வழிகள் போட்டாள்: ஒன்று ரத வீதி, மற்றது காலனித் தெரு. ஒன்று அறுந்தால் மென்பொருள் தானாகவே ஒளியை மற்றதில் திருப்பிவிடும். கூமாப்பட்டி மருத்துவமனைக்கு நெஞ்சுவலியோடு வருகிறவரின் ஈசிஜி அந்த ஒளியில்தான் ராஜபாளையத்து டாக்டரிடம் போய்ச் சேருகிறது.

ஆடி மாதம் அங்கே தேர் ஓடும் நாளில் ரத வீதியின் குறுக்கே போகும் கம்பிகளைக் கழற்றிவிடுவார்கள். ஹஃபீஸாவுக்கு அதில் கவலையே இல்லை. காலனித் தெருக் கம்பி இருக்கிறதே!

தேருக்கு முந்தின வாரம் ஆடிக்காற்று பேயாக அடித்தது. ரத வீதி இழையில் ஒளி நடுங்குவதைத் திரையில் பார்த்தாள். அதே நொடியில் காலனித் தெரு இழையும் நடுங்கியது. காற்று ஓய்ந்தது, இரண்டும் அடங்கின. மறுபடி அடித்தது, மறுபடி சேர்ந்தே ஆடின. நடுவில் இத்தனை தெருக்கள் இருக்க, இரண்டு கம்பிகள் எப்படி ஒன்றுபோல் ஆடும்? லைன்மேன் சங்கிலிப்பாண்டியை அழைத்துக்கொண்டு நேரே காலனித் தெருவுக்கே போய்விட்டாள்.

“அண்ணே, காலனித் தெருவுல நம்ம கம்பியவே காணோமே?”

சங்கிலிப்பாண்டி காதைக் குடைந்தார். “அது வந்து மேடம்... ரெண்டையும் ரத வீதி போஸ்டுலயே சேத்துக் கட்டியாச்சு.”

“படத்துல அப்படி இல்லையே!”

“படத்துலயா ஒயரு கட்டுதோம்? அந்தத் தெருவுக்குள்ள போயி அவங்ககிட்ட கேட்டுக்கிட்டு நிக்கணுமாக்கும்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டாரு.”

சாதி பார்த்துக் கம்பி கட்டியிருக்கிறார்கள்! தேர் ரத வீதிகளைத் தாண்டி அந்தப் பக்கம் வருவதில்லை. ஆகவே திருவிழா அன்று யாரும் கழற்றத் தேவையில்லாத பாதை அதுதான். அதையே தீட்டு என்று ஒதுக்கி, ஒரு மருத்துவமனையின் உயிர்நாடியைத் தேர்ச் சக்கரத்துக்கு முன்னால் போட்டிருக்கிறார்கள்.

தேர் நாளுக்குள் கம்பி காலனித் தெருவுக்கு மாறியாக வேண்டும். அந்தத் தெருவில் மகளிர் குழு நடத்தும் வெள்ளத்தாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

“நல்லாருக்கே! ஒதுங்கிப் போன ஒயரு இப்ப வழி கேக்குதாக்கும்?”

“தப்பு எங்களுதுதான்க்கா.”

“தாராளமா கட்டுங்க. ஆனா எங்க தலைக்கு மேல போற ஒயருல எங்களுக்கு எப்ப கனெக்‌ஷன்?”

“கட்டட்டும்மா, பொறவு பேசுவோம்,” என்றார் சங்கிலிப்பாண்டி.

“நீரு சும்மா இரும். பொறவு பொறவுன்னுதான் எங்கப்பன் காலமும் போச்சு!”

ஹஃபீஸா அலுவலகக் கணினியில் தேடினாள். அந்தத் தெருவுக்கு நேரே ‘வாடிக்கையாளர் இல்லை’ என்று போட்டிருந்தது. யார் போய்க் கேட்டார்கள்? மேலாளருக்குப் போன் போட்டாள். “அந்தத் தெரு வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்குற பெட்டியோடதான் சார் கம்பி ஏறும். இல்லன்னா தேரன்னைக்குக் கூமாப்பட்டிக்கு நீங்க பதில் சொல்லிக்கோங்க.” பிறகு அனுமதி வந்தது.

தேரன்று ரத வீதிக் கம்பி இறங்கியது. மென்பொருள் கண்ணிமைக்கும் முன் ஒளியைக் காலனித் தெருக் கம்பிக்குத் திருப்பியது. கூமாப்பட்டியிலிருந்து போன ஈசிஜி ஒன்றுகூடத் தடைபடவில்லை.

பெட்டி கம்பத்தில் ஏறிவிட்டது. ஆனால் தெருவில் பாதி வீடுகளுக்கு இன்னும் நிறுவனத்திடமிருந்து ‘பார்க்கலாம்’ என்ற பதில்தான். ஹஃபீஸா விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒருத்தி கேட்டால் போதாது. நாளை உங்கள் ஊரில் ஏணியும் கம்பிச் சுருளுமாக ஆட்கள் வந்தால், அவர்கள் எந்தத் தெருவைத் தவிர்த்துவிட்டுப் போகிறார்கள் என்று பாருங்கள். ஏன் என்று கேளுங்கள். அந்தத் தெருவிலும் கம்பி ஏறும் வரை ஏணியை நகர விடாதீர்கள்.