நான் விட்ட ஹிட்டரை எடுத்தது யார்?

செவன் கிங்ஸில் பஸ்ஸுக்கு நின்றபடி போனில் இரண்டு பேஸ்பால் ஹிட்டர்களை, அதாவது மட்டை பிடிப்பவர்களை, ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். டொரொன்டோவிலிருந்து சுதன் அண்ணை நடத்தும் ஃபான்டஸி லீக்கில் என் அணிக்கு ஒருவன் தேவை. நிஜ ஆட்டக்காரர்களைப் போனில் பொறுக்கி ஆளுக்கொரு கற்பனை அணி கட்டுவோம்; அவர்கள் மைதானத்தில் அடிப்பதுதான் எங்களுக்குப் புள்ளி.

இருவரும் இடக்கையர். ஹோம் ரன்னும் ஒன்றுபோல, காற்றில் மட்டையைச் சுழற்றி அவுட்டாவதும் ஒன்றுபோல. இரட்டைப் பிள்ளைகள் தோற்றுப்போவார்கள்.

நான் இப்படிக் குழம்பும்போதெல்லாம் சிநேகிதன் றெஜி சிரிப்பான். "நீ ஒருத்தனை எடு மச்சான். நீ விடுறவனை நான் எடுக்கிறன்."

ஒவ்வொரு முறையும் அவன் எடுத்தவன்தான் வெளுத்து வாங்குவான்.

போன மாதம் றெஜி இறந்துவிட்டான். அவனுடைய அணியை லீக்கிலிருந்து தூக்க எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. அது அப்படியே கிடக்கிறது.

ஒருவனை எடுத்தேன். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து மறுபடி பார்த்தால், மற்றவன் றெஜியின் அணியில் இருக்கிறான்.

சுதன் அண்ணைக்கு உடனே போன் எடுத்தேன். "றெஜியின்ரை டீமிலை நீங்களே ஆளைப் போட்டனீங்கள்?"

"நான் தொடேல்லையடா. அது அவன்ரை போனிலை இருந்துதான் ஏலும். அந்தப் போனை அவனோடை சவப்பெட்டிக்குள்ளை வைச்சவை எண்டு நீதானே சொன்னனீ?"

"ஓம்" என்றேன். அதை உள்ளே வைத்தபோது பக்கத்தில் நின்றவன் நான்.

அடுத்த கிழமை என் அணிக்கும் றெஜியின் அணிக்கும்தான் ஆட்டம். இன்னொரு ஹிட்டரும் வேண்டும். இரண்டு பேர் இருக்கிறார்கள், அச்சு அசல் ஒரே மாதிரி. யாரை எடுக்கலாம் என்று கீழே கமெண்டில் சொல்லுங்கள்.

றெஜி, நீ மட்டும் சொல்லாதே.