இடது கால்

அப்பாவுக்கு இரண்டு கால்கள் இருப்பதே எனக்கு அவமானமாகப் போன ஒரு பெரிய வியாழன் உண்டு.

ஏசுநாதர் சாவதற்கு முந்தின நாள் தம் சீடர்களின் பாதங்களைக் கழுவினார். அதை நினைத்து அன்றைய சாயங்காலப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரைப் பீடத்துக்கு முன்னால் உட்கார வைத்துக் கால் கழுவுவார். எங்கள் ஊர், மணலூர்பேட்டையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குள் புகுந்து போனால் வரும். அங்கே அந்தப் பன்னிரண்டு பேரும் எப்போதும் மேலத்தெருக்காரர்கள்தான். புதிதாக வந்த சாமியார், கீழத்தெருவிலிருந்தும் ஒருவர் வேண்டும் என்று அப்பாவைச் சேர்த்தார். எங்கள் தெருவே பூரித்துப் போயிற்று. யாரும் நம்மை ஒரு குறை சொல்லிவிடக் கூடாதே என்று ஆறாம் வகுப்புப் படித்த எனக்கு ஒரே படபடப்பு.

கழுவப்படப் போகிற காலை வீட்டிலேயே நன்றாகக் கழுவிக்கொண்டு போவதுதான் எங்கள் ஊர் வழக்கம். கழுவின காலை எதற்குக் கழுவ வேண்டும் என்று ஞான உபதேச வகுப்பில் கேட்டேன். "இப்டி நோண்டிக்கினே இருந்தா விசுவாசம் கொறஞ்சி பூடும், உக்காரு" என்றார் சிஸ்டர். விசுவாசம் குறைவதற்குள் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று அப்பா கரும்பு வெட்டிவிட்டு வரவே பொழுது சாய்ந்துவிட்டது. கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீரும் இல்லை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு குடம். பழைய சாமியார் வலது காலை மட்டும்தான் கழுவுவார். ஆகவே அம்மா அந்தக் காலைச் செங்கல் துண்டால் தேய்க்க, நான் சோப்புப் போட்டேன்.

"இது யாரு காலு, என்னுதா?" என்று அப்பா சிரித்தார்.

புதுச் சாமியாரோ இரண்டு கால்களையும் கழுவினார்! முதல் ஆளிடமே அது தெரிந்துவிட்டது. வரிசையின் நடுவில் இருந்த அப்பா, இடது காலை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

முறை வந்ததும், "வேணாங்க சாமி, அது அழுக்குங்க" என்றார்.

சாமியார் விடவில்லை. கரும்புச் சாறும் மண்ணும் தோகைச் சாம்பலும் கரைந்து தாம்பாளத்துத் தண்ணீர் கறுத்தது. செல்போனில் படம் பிடித்தவர்கள் சிரித்தார்கள். நான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

அப்பாவுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த மேலத்தெருப் பெரியவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வாசல் வழியாக வெளியே போய்விட்டார். சாமியார் அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் சற்று நேரம் மண்டியிட்டபடியே இருந்துவிட்டு, அடுத்தவரிடம் நகர்ந்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன்.

"அந்தக் காலையும் கழுவியிருந்தா அவுரு எழுந்து போயிருக்கவே மாட்டாரு. எல்லாம் உன்னாலதான்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆமாம்மா. என் மேலதான் தப்பு. கழுவிக்கினு போயிருக்கணும்" என்றார்.

தப்பு யாருடையது என்று தெரிந்துவிட்டதால் என் அழுகை நின்றது. அந்தப் பெரியவர் அழுக்குக்காகத்தான் எழுந்து போனார் என்று வெகுநாள் நம்பினேன். நான் அப்படியே நம்பட்டும் என்றுதான் அப்பா பழியைத் தன் காலின் மேல் போட்டுக்கொண்டார் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.