தாளுக்கு வெளியே மூன்று புளியங்கொட்டை

மூதூரில் கழிந்த அந்தப் பின்னேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் சொருகும். பிரதேச சபை மண்டபத்துக்குள் குடாக் கடலின் காற்று வந்து வந்து போனது. நடு நிலத்தில் ஒரு பெரிய தாள். அதில் கட்டம் கட்டமாக நானே வரைந்த படங்கள்: காய்ச்சல் பரப்பும் நுளம்பு, குடிநீர்க் குழாய், குப்பை வண்டி. அடுத்த வருடம் ஊரின் சுகாதாரத்துக்கு எதை முதலில் செய்வது என்று சனமே சொல்ல வேண்டும். ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை. எது முக்கியமோ அந்தப் படத்தில் வைக்கலாம். சபையில் அதுதான் முறை, அதை நடத்துகிற உத்தியோகத்தர் நான்.

முழங்கால் வீங்கிய ஒரு முஸ்லிம் அக்கா, ஊர்ப் பேச்சில் ராத்தா, தன் மூன்றையும் தாளுக்கு வெளியே, வெறும் சீமெந்தில் வைத்துவிட்டுப் போனார். தவறி உருண்டதாக்கும் என்று பொறுக்கி நுளம்பின் மேல் வைத்தேன். எனக்குத் தாள் துப்புரவாக இருக்க வேண்டும். அந்த வியாதி சின்ன வயதிலிருந்தே உண்டு. நுளம்பு வென்றது. புகை அடிக்கும் மெஷின் வாங்கத் தீர்மானம் ஆனது.

சில வாரம் கழித்து, வைத்தியசாலைக்குப் போகும் வீதியில் அதே ராத்தா வேப்ப மரத்தடியில் மண்ணில் குந்தியிருந்தார். பிரஷர் கிளினிக்குக்குப் போகிறாராம்.

"தங்கச்சி, அண்டைக்கு என்ட கொட்டைய ஏன் எடுத்தீங்க?"

"விழுந்து கிடந்ததெண்டு நினைச்சனான், ராத்தா."

"விழல்ல, நான்தான் வெச்சன். நான் கேக்கிறது உங்கட தாளில இல்லியே. வழியில இரிக்க ஒரு இடம். நிலத்தில இருந்தா எழும்ப ஏலாது. போன மாசம் பாதியில திரும்பிட்டன், மருந்தும் எடுக்கல்ல."

ஐயோ, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கை கொடுத்து எழுப்பினேன்.

மறுநாள் மண்டபத்துக் கதிரை ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் அந்த வேம்பின் கீழ் வைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கடிதம் எழுதச் சொல்வார்கள். பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மெதுவாகவே போவேன். கனவில் கண்டதைப் போல அந்தக் கதிரை நிழலுக்குள் இருக்கும். சிலவேளை அதில் ராத்தா, மடியில் கிளினிக் கொப்பியோடு அரைத்தூக்கத்தில். பார்க்கப் பார்க்க எனக்கும் தூக்கம் வரும், சந்தோசமும் வரும்.

வருட முடிவில் தளபாடம் எண்ணிப் பார்த்த சபைத் தலைவர், எங்கள் தவிசாளர், என்னைக் கூப்பிட்டார். "மண்டபத்தில ஒரு கதிரை குறையுதே, பிள்ளை?"

"குறையேல்லை, சேர். வேலைக்குப் போயிருக்கு."

கொட்டைக் கதையை முழுதாகச் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. அவர் தளபாடக் கணக்கை மூடி வைத்தார். பிறகு, "இந்த முறை தாளில ஒரு கட்டத்தை வெறுமையா விடுங்கோ" என்றார்.

விட்டேன். அந்தக் கூட்டத்துக்கும் ராத்தா வந்தார். ஒவ்வொன்றாகத் தன் கொட்டைகளை வெறுங்கட்டத்துக்குள் வைத்தார். கடைசிக் கொட்டை உருண்டு கோட்டைத் தாண்டியது. என் கை தானாக நீண்டது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்:

"இதை எங்க வைக்கிறது, ராத்தா?"