ஜவுளிக்கடை வாசலில் ஒரு கேள்வி

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. வெயிலுக்கு ஒதுங்கி, ராஜபாளையத்தின் புது ஜவுளிக்கடை ஒன்றின் வாசலில் நிற்கிறேன். வங்கி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று இந்தத் தெருவின் எல்லா வாசலிலும் இப்போது செக்யூரிட்டி சீருடை தெரிகிறது. இந்தக் கடைக்குக் காவல் நிற்பவர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். பேச்சுக் கொடுக்கிறேன்.

"தளவாய்புரத்துல நைட்டி தச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப எங்க தெருவுலேர்ந்தே நாலு பொம்பளைங்க இந்த வேலைக்கு வாரோம்" என்கிறார்.

அதற்குள், வீறிட்டு அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் ஆள் வேகமாக வெளியே வருகிறார். அந்தப் பெண் குறுக்கே கை நீட்டுகிறார்.

"செத்த நில்லுங்கண்ணே. பிள்ளை யாருது?"

"என் தங்கச்சி பிள்ளம்மா. அவ மாடியில சேலை எடுத்துக்கிட்டு இருக்கா. வழிய விடு."

"அவிய கீழ வரட்டும். பொறவு போங்க."

அந்த ஆள் கத்துகிறார். கூட்டம் கூடுகிறது. மேனேஜர் ஓடிவந்து, "நம்ம கஸ்டமர்தாம்மா, விடு" என்கிறார். அந்தப் பெண் நகரவில்லை. வாக்கிடாக்கியில் மாடிக்குத் தகவல் சொல்கிறார்.

குழந்தையின் தாய் படியில் இறங்கி ஓடிவருகிறாள். "எங்க அண்ணன்தான்க்கா" என்கிறாள் மூச்சு வாங்க.

குறுக்கே நீட்டிய கை உடனே விலகுகிறது. "கோவிச்சுக்கிடாதீங்கண்ணே. உங்கள நிறுத்துனதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன். யாருன்னு தெரியாம பிள்ளைய வெளிய விட்டுட்டா, பொறவு யாருகிட்டப் போய்க் கேக்க?"

அண்ணன் முகம் இறுகியே இருக்கிறது. தங்கையோ அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தவள், விடவே இல்லை.