ரெய்னோவுக்குத் துணை வேண்டாம்

ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போகிறார் ரெய்னோ மாட்டிலா. சாமிக்கும் இல்லை, வாசனைக்கும் இல்லை. பத்தியைச் சட்டத்தின் ஓரமாகப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். புகை நேரே மேலே போனால் அந்த இடம் தப்பித்தது. உள்ளே நுழையும் காற்றில் கொஞ்சம் சாய்ந்து நெளிந்தால், "இதோ இருக்கான் திருடன்" என்று பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோட்டில் பசை வைத்து அடைத்து, ஜன்னல் முழுக்கப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, அதன்மேல் மனைவி லோர்னாவின் ஹேர் டிரையரைக் காட்டுவார். சூடு பட்டதும் தாள் சுருங்கி, விறைத்து, மேளத்தோல் மாதிரி நிற்கும். விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஜன்னலுக்கு நகர்வார்.

வடகோடிக் குளிர் ஊரான ஹான்காக்கில் இலையெல்லாம் கொட்டி முடிந்த பிறகுதான் யாரும் வீட்டைக் குளிருக்குத் தயார் செய்வார்கள். ரெய்னோ இந்த வருஷம் ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டார். பிள்ளைகள் ஏரியில் குதித்துக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தபோது இவர் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு டுவைன் அரைக்கால் சட்டையோடு வேலியோரம் வந்து நின்று, "என்னண்ணே, உங்க வீட்டுக்கு மட்டும் பனி முன்கூட்டியே வருதா?" என்று கேட்டான். "உன் வேலையைப் பாருடா அருவி" என்றார் இவர்.

டுவைனுக்கு அந்தப் பெயர் வந்த கதை தெருவுக்கே தெரியும். ஒரு வருஷம் வாசல் குழாயிலிருந்து ஹோஸ் பைப்பைக் கழற்ற மறந்துவிட்டான். பைப்பில் தங்கிய தண்ணீர் உறைந்து, உறைந்தது அப்படியே சுவருக்குள் ஏறி, உள்குழாயைப் பிளந்துவிட்டது. குளிர் விட்ட அன்று அவன் வீட்டுக் கூடத்துச் சுவரிலிருந்து தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. இந்த ஊரில் பிறந்தவன் செய்யவே கூடாத காரியம். ரெய்னோ அதை அவன் மறக்கவே விட்டதில்லை. சர்ச் வாசலில், மளிகைக் கடையில், எங்கே பார்த்தாலும் "வாங்க அருவி, சௌக்கியமா?" தான்.

பனிக்காலத்தை அவர் 'அது' என்று சொல்லமாட்டார். 'அவன்' தான். "அவன் வீட்டைப் பாத்து வரமாட்டான், ஓட்டையைப் பாத்து வருவான்." பள்ளிக்கூட பஸ் ஓட்டியே ஆயுசைக் கழித்த மனுஷன். பனி கண்ணை மறைக்கிற காலையிலும் ஒரு பிள்ளையையும் விட்டுவிட்டு வந்ததில்லை. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும் உதட்டுக்குள்ளேயே தலைகளை எண்ணுவார். மகள் குடும்பத்தோடு தெற்கே போய்விட்ட பிறகு எண்ண என்ன இருக்கிறது? ஆனாலும் எண்ணுவார். தன்னையும் லோர்னாவையும் எண்ணி முடித்துவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவார்.

இதயம் அவரைக் கைவிட்டு இரண்டு வருஷமாகிறது. சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிக் காலுறை இறங்காது. மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரில் மாட்டிய படத்தை ரசிப்பது போல் பாவனை செய்வார். தினம் பார்க்கிற படம், அதில் ரசிக்க என்ன இருக்கிறது! கடந்த வசந்தத்தில் சமையலறையில் கண் இருட்டிக் கீழே விழுந்தார். லோர்னா காதில் மாட்டியிருந்த ஆபீஸ் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடிவந்து தூக்கினாள். இந்த மயக்கம் சொல்லிக்கொண்டு வராது, பகலில் யாராவது கூடவே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். இனிமேல் குணமாகிற சீக்கு இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. யார் விசாரித்தாலும் ரெய்னோவிடம் ஒரே பதில்தான்: "எனக்கென்ன? வண்டி ஓடிக்கிட்டுதான இருக்கு."

லோர்னா ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். தொற்றுக் காலத்தில் மேஜையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து சாப்பாட்டு அறையின் மூலைதான் அவள் ஆபீஸ். இப்போது புது உத்தரவு வந்திருக்கிறது. நவம்பர் முதல் எல்லோரும் ஆபீசுக்கு வந்தாக வேண்டும். ஆபீஸ் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது, அதுவும் பனி இல்லாத நாளில். வேலையை விட்டுவிடவும் முடியாது. ரெய்னோவின் மருந்தும் மருத்துவமனையும் அந்த வேலையோடு வருகிற காப்பீட்டில்தான் ஓடுகின்றன. ஒரே ஒரு விலக்கு உண்டு. வீட்டில் தனியாக விட முடியாத நோயாளி இருந்தால், வீட்டிலிருந்தே வேலையைத் தொடரலாம். ஆனால் அந்த நோயாளியும் அதைத் தானே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அங்கேதான் சிக்கல். ரெய்னோ ஒப்புக்கொள்ளவில்லை.

லோர்னாவின் ஆபீஸ்காரர்கள் திரையில் கூடி மணிக்கணக்கில் வாதாடுவார்கள். ஒருத்திக்குக் குழந்தைகள், ஒருவனுக்குப் பெட்ரோல் செலவு, இன்னொருவன் பெண்டாட்டியிடமிருந்து தப்பிக்க ஆபீசே மேல் என்கிறான். ரெய்னோ ஏணிமேல் நின்றபடியே இங்கிருந்து தீர்ப்பு சொல்வார். வேலை என்றால் கிளம்பிப் போக வேண்டும். பூட்ஸ் மாட்டாமல் செய்வதற்கு வேலை என்று பேரா? "வீட்டுலேர்ந்தே பஸ் ஓட்டுறேன்னு நான் சொல்லியிருந்தா பிள்ளைங்க கதி என்ன ஆகியிருக்கும்?" என்பார். திரையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். லோர்னாவும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே மைக்கை அணைத்துவிடுவாள்.

அவளுக்குத் தெரியாதா என்ன? ஆகஸ்டில் அடுக்கிய விறகும், ஜன்னல் ஜன்னலாகப் போன ஊதுபத்தியும் குளிருக்காக மட்டும் இல்லை. இந்தக் கட்டை இன்னும் தனியாக எல்லாம் செய்யும், நீ தாராளமாக ஆபீசுக்குப் போகலாம் என்று அவளிடம் வாதாடிக்கொண்டிருந்தார். வாயால் பேசினால் தோற்றுவிடுவார் என்று கையால் பேசினார். அவர் ஏணியில் ஏறும்போதெல்லாம் அவள் வேலையை விட்டு எட்டிப் பார்த்தாள்.

செப்டம்பரில், லோர்னாவின் விலக்கு விண்ணப்பத்தை விசாரிக்க நிறுவனத்திலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தாள். லோர்னா கடைக்குப் போயிருந்த நேரம். பகலில் தனியாக இருக்க முடியுமா என்று அவள் கேட்டதற்கு, காலையில் கூரையோரத்துச் சருகை வாரினேன், இப்போது நிலவறையில் குழாய்களுக்கு உறை மாட்டிக்கொண்டிருக்கிறேன், உங்களுக்கும் ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார் இந்த மகானுபாவர். நர்ஸ் சந்தோஷமாக வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் லோர்னா நிலவறைக்கு இறங்கினாள். அவர் முழங்காலிட்டு, கருப்பு ஸ்பாஞ்சைக் குழாய்மேல் பொருத்திக்கொண்டிருந்தார். பிறகு டார்ச்சை எடுத்து அவருக்கு வெளிச்சம் காட்டியபடியே கேட்டாள்.

"எதுக்கு ரெய்னோ இப்படிப் பண்ணின? என்னை வீட்டை விட்டு அனுப்பறதுல உனக்கு அப்படி என்ன அவசரம்?"

அவர் குழாயை விட்டுக் கையை எடுக்கவில்லை. "நீ அங்க உக்காந்து கம்ப்யூட்டரைப் பாக்குற மாதிரி என்னைப் பாத்துக்கிட்டிருக்க. நான் இருமினா உன் கை நிக்குது. தும்மினா நிக்குது. இன்னிக்கா நாளைக்கான்னு பாத்துக்கிட்டே இருக்க. அதை என்னால தாங்க முடியல லோர்னா. போய் நாலு பேரோட உக்காந்து காபி குடி. கதை பேசு. நான் போறப்ப நீ பக்கத்துல இருந்து பாக்கணும்னு என்ன கட்டாயம்?"

"எனக்குக் கட்டாயம்தான்" என்றாள் லோர்னா. டார்ச் ஆடியது. "ஒழுங்காப் பிடி, மகராசி" என்றார் அவர். அவள் ஒழுங்காகப் பிடித்தாள். அந்தக் குழாய் முடிகிற வரைக்கும் வெளிச்சம் ஆடவில்லை.

அக்டோபரில் ஒரு காலை, கடுமையான உறைபனி. புல் வெளுத்துக் கிடந்தது. குப்பைத்தொட்டியைத் தெருவோரம் வைத்துவிட்டுத் திரும்பிய லோர்னா, பக்கவாட்டுச் சுவரருகே அப்படியே நின்றுவிட்டாள். வாசல் குழாயில் பச்சை ஹோஸ் பைப் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள்தான் கைகளைத் தட்டிக்கொண்டே வந்து, "குழாய் வேலை முடிஞ்சுது, அவனுக்கு இனிமே இந்தப் பக்கம் வழியில்ல" என்று சொல்லியிருந்தார். தொட்டுப் பார்த்தாள். கட்டை மாதிரி விறைத்திருந்தது.

ரெய்னோ வீட்டில் ஹோஸ் பைப். அவள் தலையில் யாரோ அடித்த மாதிரி இருந்தது. மருந்தை மறப்பார், கண்ணாடியை மறப்பார், அவள் பிறந்தநாளைக்கூட மறந்திருக்கிறார். இதை மறக்கவேமாட்டார். நவம்பருக்கு வேண்டிய சாட்சி கைக்கு வந்துவிட்டது, உள்ளே போய் இதைக் காட்டினாலே வாதம் முடிந்துவிடும் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே அவளுக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது. வெந்நீர் கொண்டுவந்து ஊற்றி, திருகிக் கழற்றி, கொட்டகைக்குள் கொண்டுபோய்ப் போட்டாள். நல்லவேளை, சுவருக்குள் ஒன்றும் ஆகவில்லை. நிமிர்ந்தபோது ஜன்னலில் ரெய்னோ தெரிந்தார். அவர் ஒட்டிய பிளாஸ்டிக்குக்குப் பின்னால், முகம் கலங்கலாக. எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருந்தாரோ.

மத்தியானம் டுவைனின் மனைவி கொடுத்தனுப்பிய இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டியைச் சூடு பண்ணி வைத்தாள். அவர் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியின் ஓரத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். மன்னிப்பு கேட்பார், இல்லையென்றால் கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். இரண்டும் இல்லை.

"நேத்து குனிஞ்சேன்" என்றார் கடைசியில். "குழாயைப் பிடிச்சது ஞாபகம் இருக்கு. அப்புறம் பாத்தா புல்லுல கெடக்கேன். வாய்ல மண்ணு. எந்திரிச்சு உள்ள வந்தேன். நடுவுல கழட்டியிருப்பேன்னுதான் நெனச்சேன், சத்தியமா."

"எவ்வளவு நேரம் கெடந்த?"

"தெரியல. வெளிய போறப்ப வெயில் அந்தப் பக்கம் இருந்துது, எந்திரிச்சப்ப நகந்திருந்துது."

லோர்னா அந்த நேரம் இதே மேஜையில், சுவருக்கு இந்தப் பக்கம், யாரோ ஒரு நோயாளியின் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்திருப்பாள். அதை அவள் சொல்லவில்லை. அவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும், ஏனென்றால் தட்டைத் தள்ளிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "டுவைன்கிட்ட மட்டும் சொல்லாத" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்து, அதுவே அழுகையாகிவிட்டது. அவர் அழவில்லை. நாலு நாளைக்கு ஹேர் டிரையரையும் தொடவில்லை, ஏணியையும் தொடவில்லை. சோபாவில் உட்கார்ந்து, இன்னும் தாள் ஒட்டாத கடைசி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சும்மா உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. அதற்கு அவர் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மாதக் கடைசியில் விலக்குக் கேட்டவர்களோடு மேலதிகாரி மெரிடித் ஒவ்வொருவராகத் திரையில் பேசினாள். சின்னப் பெண், நல்ல பெண், ஆனால் கையில் சட்டம் இருக்கிறது. லோர்னா டாக்டர் சொன்னதைச் சொன்னாள். வசந்தத்தில் விழுந்ததைச் சொன்னாள். புல்லில் கிடந்ததை மட்டும் சொல்லவில்லை. அது அவருடையது, அவரைக் கேட்காமல் எடுத்துக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மெரிடித் சங்கடத்தோடு தொண்டையைச் செருமினாள். உங்கள் கணவரே எங்கள் நர்ஸிடம் தனியாக இருந்துகொள்வேன் என்று சொல்லியிருக்கிறாரே, கூரைமேல் ஏறி வேலை செய்கிறவரைத் தனியாக விட முடியாதவர் என்று நான் எப்படி எழுதுவது என்றாள். நவம்பரின் ஒவ்வொரு காலையும் லோர்னாவின் கண் முன்னால் வந்தது. இருட்டில் காரைக் கிளப்புவது, பின்னால் இந்த வீடு, வீட்டுக்குள் எங்கோ ஒரு தரையில் அவர்.

பின்னால் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. ரெய்னோ அதை மெதுவாக, நின்று நின்று, மூச்சு வாங்க இழுத்துக்கொண்டு வந்தார். எழுந்து உதவலாம் என்று லோர்னா பாதி எழுந்தாள். வேண்டாம் என்று கை காட்டினார். அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, தன் முகம் திரையில் முழுசாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். வீங்கிய கண்ணிமைகள், சவரம் செய்யாத தாடை, எல்லாம் தெரிந்தன. மூச்சு அடங்க வெகுநேரம் ஆனது. மெரிடித் காத்திருந்தாள்.

"சார், பகல்ல நீங்க தனியா இருந்துக்குவீங்களா?" என்று கேட்டாள்.

ரெய்னோ இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, அந்தச் சின்னப் பெண்ணின் கண்ணைப் பார்த்தபடியே, முடியாது என்று மெதுவாகத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தார்.