அண்ணா கீறிய கோவில் சுவர்

அண்ணாவின் நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று பெறாமகள், எங்கள் தம்பியின் மகள், வந்து கேட்டபோது, நீயே எழுது பிள்ளை என்றுதான் சொன்னேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருக்கும், சொன்னதையே திரும்பவும் சொல்லுவேன், ஊர்ப் பெயர்களும் வருசங்களும் எனக்கு நிற்பதில்லை. ஆண்டுத் திவசத்துக்கு வந்திருக்கும் உறவுகளும் அண்ணாவின் சிநேகிதர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அண்ணாவைப் பற்றிய ஒரு விசயம் என்னிடம் மட்டும் இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மன்னார்ப் பக்கம் அரிப்பு என்ற ஊருக்குக் கிட்ட, எங்கள் கடற்கரைக் குடியிருப்பில், ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாக அண்ணா பிறந்தார். ஐயா கடற்றொழில் செய்தவர். சின்ன வயதில் ஒரு நாள், வள்ளத்துக்குப் பூச வைத்திருந்த தாரை எடுத்து அண்ணா வீட்டுச் சுவரில் ஒரு பெரிய திருக்கை மீன் படம் கீறிவிட்டார். ஐயா காய்ந்த திருக்கை வாலை எடுத்தே அடித்தார். அடித்தாரே தவிர, அந்தப் படத்தை அழிக்கவில்லை. வெளியூர் ஆட்கள் வந்தால் காட்டுவார் என்று அம்மா சொல்லுவா.

பிறகு அண்ணா வள்ளங்களுக்குப் பெயர் எழுதினார். கொழும்புக்குப் போய்ப் படக் கொட்டகைகளுக்குப் பெரிய பெரிய பனர் கீறினார். அங்கிருந்து கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலையில் ஏறி, அமெரிக்காவில் இறங்கிவிட்டார். சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார், விளம்பரச் சுவர்களுக்கு நிறம் அடித்தார். மெக்சிக்கோ நாட்டு முதியவர் ஒருவரிடம் ஈரச் சுண்ணாம்பில் படம் கீறுகிற வேலையைப் படித்தார். அந்த நாட்டுப் பிரசையும் ஆனார். சந்தைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் வீடளவு உயரமான சுவர்களில் கீறினார். அங்கே ஒரு பெண்ணைக் கலியாணம் முடித்தார், சில வருசத்தில் பிரிந்துவிட்டார்கள், பிள்ளைகள் இல்லை. இதற்கு மேல் எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

அம்மா மோட்சம் போனபோது அவரால் வர முடியவில்லை. சண்டையில் நாங்கள் இந்தியாவுக்கு ஓடி முகாமில் இருந்த காலம் முழுவதும் கடிதம் போட்டார். தான் கீறிய சுவர்களைப் படம் பிடித்து அனுப்புவார். அந்தப் படங்கள் முகாமில் ஒரு மழைக்கு ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. பிரித்தபோது முகங்கள் கையோடு வந்துவிட்டன.

சண்டை முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டு வளவு முழுவதும் உடை முள்மரம் வளர்ந்திருந்தது. தகரக் கொட்டிலில் இருந்தோம். எங்கள் சிறு வேதக் கோவிலுக்குக் கூரை போட்டுப் பீடத்துச் சுவரைக் கட்டியெழுப்பிய நேரத்தில்தான் அண்ணா வந்து இறங்கினார். ஒரு சூட்கேசும், ஒரு பை நிறையத் தூரிகைகளும் கொண்டு வந்தார்.

"ஏன் அண்ணா வந்தனீங்கள்? இங்கை ஒண்டும் இல்லையே," என்று கேட்டேன்.

"அங்கையும் நான் கீறினது ஒண்டும் இல்லை, தங்கச்சி. சந்தைச் சுவரை இடிச்சு றோட்டுப் போட்டாங்கள். பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை அடிச்சாச்சு. கடைச் சுவரெல்லாம் கடை கைமாறப் போயிட்டுது. கோவில் சுவரை ஒருத்தரும் விக்கமாட்டினம். ஒரே ஒரு சுவர் நிண்டாக் காணும் எனக்கு."

சுவாமியார் சம்மதித்தார். பேதுருவானவரின் வலை நிறைய மீன் விழுந்த புதுமையைக் கீறுவதென்று முடிவானது. அண்ணா வேலையில் கடும் ஒழுங்கு. கடற்கரை மண்ணை ஆகாதென்று சொல்லி, ஆற்று மண் ஏற்றுவித்தார். ஒவ்வொரு குவியலிலும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவார். உப்புக் கரித்தால் அந்தக் குவியலே வேண்டாம். கோவில் கிணறு உவர் என்பதால், பவுசர் வண்டியில் குடிக்க வருகிற நல்ல தண்ணீரில்தான் சுண்ணாம்பு குழைக்க வேண்டும் என்றார். நான்கு பெரிய தகரப் பரல் நிறையத் தண்ணீர் பிடித்து, "தங்கச்சி, இது உன்ரை பொறுப்பு," என்று என்னிடம் விட்டார்.

சுவர் முழுவதற்கும் அடிப்பூச்சு பூசுகிற நாள் வந்தது. அண்ணா அன்று மன்னார் ஆசுப்பத்திரிக்குச் சீனி வருத்தக் கிளினிக்குக்குப் போக வேண்டியிருந்தது. மழைக்குப் பாதை பழுதாகி, நாலைந்து நாளாகப் பவுசர் வரவில்லை. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி ஒருத்தி, குடிக்கத் தண்ணீர் இல்லையென்று முதலில் குடத்தோடு வந்தாள். அவளுக்கு ஊற்றினேன். அதைப் பார்த்து அடுத்த வீட்டாள் வந்தாள், பிறகு வரிசையாகவே வந்தார்கள். கோவில் வேலைத் தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு ஆட்களுக்கு முன்னால் வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான்கு பரலும் முடிந்தன.

மேசன் சூசை சுண்ணாம்பையும் மண்ணையும் கலந்து வைத்துவிட்டு வந்து, "அன்ரி, தண்ணி எங்கை?" என்று கேட்டான்.

"கிணத்திலை எடு தம்பி," என்றேன்.

"உங்கடை அண்ணருக்குத் தெரிஞ்சா என்னைக் குழியிலை போட்டுக் குழைப்பார்."

"அவருக்குத் தெரியாது."

சூசை சிரித்தான். "அதுவும் சரிதான். சுவர் என்ன, குடிச்சு ருசி பாக்கப்போகுதே?"

பின்னேரம் பூச்சு முடிந்திருந்தது. அண்ணா பஸ்ஸால் இறங்கி நேரே கோவிலுக்கு வந்தார். சுவரைக் கையால் தடவிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நல்ல தண்ணிதானே, தங்கச்சி?"

"ஓம்," என்றேன்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் பார்க்கவில்லை. மண்ணைத்தான் நாக்கில் வைத்துப் பார்ப்பார். தங்கச்சியின் சொல்லை அப்படிப் பார்க்கத் தோன்றியிருக்காது.

அதன் மேல் தினமும் ஒரு துண்டுக்கு மட்டும் மெல்லிய பூச்சுப் போட்டு, அது காய முன்னே கீறி முடிப்பார். அதற்கெல்லாம் நல்ல தண்ணீர்தான். பவுசர் திரும்ப வரத் தொடங்கியிருந்தது. பெண்கள் பூசை முடிந்தும் போகாமல் நின்று பார்ப்பார்கள்.

"ஐயா, உதென்ன மீன்?"

"விளைமீன்."

"விளைமீனோ? அமெரிக்காவிலை அது உப்பிடிப் பட்டினி கிடந்த மாதிரித்தான் இருக்குமோ?"

அண்ணா எட்ட நின்று அந்த மீனை ஒருக்கால் பார்த்தார். அடுத்த நாள் அந்தத் துண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு விளைமீனைக் கொழுக்க வைத்தார். "இப்ப வாங்கோ, கறிக்கு வெட்டலாம்," என்றார். திருநாளன்று எல்லோரும் பார்த்தார்கள். பேதுருவானவருக்கு எங்கள் ஐயாவின் தோள் இருந்தது. அது எனக்கும் அண்ணாவுக்கும் மட்டும் தெரியும்.

அடுத்த மாரி மழைக்காலம் போய் வெயில் வந்தபோது, படத்தின் கீழ்ப் பக்கத்தில் மா தூவியதுபோல வெள்ளையாகப் பூத்தது. அண்ணா விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு," என்றார். நான் தேநீரோடு பக்கத்தில் நின்றேன். "மண்ணிலை இருந்திருக்கு. நான்தான் பாத்தனான். என்ரை நாக்குச் செத்துப்போச்சு, தங்கச்சி," என்று சொன்னார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

கழுவிப் பார்த்தார், ஒற்றியெடுத்துப் பார்த்தார். ஒன்றுக்கும் நிற்கவில்லை. முதலில் மீன்கள் உதிர்ந்தன, பிறகு வள்ளம், பிறகு தோள். "அமெரிக்கா வேலை ஒரு மாரிக்குத்தான்" என்று சந்தியில் நின்றவர்கள் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. "சரியாத்தான் சொல்லுறாங்கள்" என்றார். அதன் பிறகு தூரிகையைத் தொடவில்லை. வேறு ஊர்களிலிருந்து படம் கீறித் தரச் சொல்லிக் கேட்டு வந்தார்கள். கை தவறிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்.

தண்ணீர் விசயத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். ஆண்டவர் மன்னிப்பார், அண்ணாவிடமும் சொல்லுங்கோ என்று சுவாமியார் புத்தி சொன்னார். சொல்வோம் சொல்வோம் என்று ஒரு தவக்காலம் போய் அடுத்த தவக்காலமும் வந்தது. சூசை அதற்குள் கட்டாருக்குப் போய்விட்டான். அண்ணாவுக்குச் சீனி கூடிக் காலில் புண் வந்து, மன்னார் ஆசுப்பத்திரியில் வைத்திருந்தோம். கடைசிக் கிழமையில் ஒரு நாள் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"சுவர் போனதுக்கு ஆக்கள் சூசையைக் குறை சொல்லுவினம். அவன் நல்ல வேலைகாரன். பிழை என்ரை எண்டு சொல்லு."

"ஓம் அண்ணா," என்றேன்.

மூன்றாம் நாள் போய்விட்டார்.

அண்ணாவுக்கு வயதுபோய்க் கை தவறிவிட்டது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். இந்த மலரை வாசிக்கிறவர்களிலும் சொன்னவர்கள் இருப்பீர்கள். அவர் கையும் தவறவில்லை, நாக்கும் தவறவில்லை. சூசையும் நான் சொன்னதைத்தான் செய்தான். வாற திருநாளுக்கு முன் சுவரைக் கொத்தி மாபிள் பதிக்கப் போகிறார்கள். நான் மறுக்கவில்லை. உதிர்கிற சுண்ணாம்பு பீடத் துணியில் விழுகிறது, வேறு என்ன செய்வது.

ஆசுப்பத்திரியில் அண்ணாவைப் பார்த்த தாதிமாருக்கும், முறை வைத்து நின்று பார்த்த பெறாமக்களுக்கும், பெட்டி செய்து தந்தவர்களுக்கும், குழி வெட்டியவர்களுக்கும், அடக்கப் பூசை செய்த சுவாமியாருக்கும், எட்டாம் நாள் சாப்பாட்டுக்கு மீன் தந்த தொழிலாளிமாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பெறாமகளே, அச்சுக்குக் கொடுக்க முன் இதை ஒருக்கால் வாசித்துப் பார். அண்ணா வேலை செய்த ஊர்களின் பெயரையும், அவர் எந்த வருசம் கப்பல் ஏறினார் என்பதையும் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுது. எழுத்துப் பிழைகளையும் திருத்து. தண்ணீரைப் பற்றி எழுதியிருப்பதை மாமிக்கு வெட்கம் என்று நினைத்து வெட்டிவிடாதே.