பட்டியலில் இரண்டாவது

சிட்னியில், செவன் ஹில்ஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள டயர் கடையில் என் வாடகைக் காரை ஜாக்கியில் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஹெலன்ஸ்பர்க் கோவிலுக்குக் கிளம்பிய வழியில் பஞ்சர். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனைத் திறக்கிறேன், மூடுகிறேன், மறுபடியும் திறக்கிறேன். அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கு இன்னும் சில நாட்கள்தான். என் அக்கா பென்சில்வேனியாவில் வேலை விசாவில் இருக்கிறாள். அவளுக்கு ஓட்டில்லை. எந்தப் பக்கமும் சாயக்கூடிய மாநிலம் என்பதால் அங்கே தினமும் ஒரு கருத்துக்கணிப்பு.

கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். சக்கரத்தைக் கழற்றியபடி கேட்கிறார்.

"என்ன தம்பி, திரும்பத் திரும்பப் பாக்கிறீங்கள்?"

"அமெரிக்காவுல ஜனங்களுக்கு எது முக்கியம்னு கேட்டிருக்காங்கண்ணா. முதல்ல விலைவாசி. வெளிநாட்டுக்காரங்க வர்றதை நிறுத்தணும்கிறது ரெண்டாவது."

டயரில் ஏறியிருந்த ஆணியைக் குறட்டால் பிடுங்கி என் பக்கம் காட்டுகிறார்.

"நான் படகில வந்து முகாமில இருக்கேக்க, இஞ்சயும் டிவியில இப்பிடி ஒரு பட்டியல் போட்டவை. அதில ரெண்டாவது வரி, படகுகள். அது நாங்கள்தான். எல்லாரும் எழும்பி நிண்டு பாத்தனாங்கள்."

"இப்ப உங்களுக்கு ஓட்டு இருக்கா?"

"ஓம். போன மாசம் எனக்கும் போனில கோல் எடுத்து, எது முக்கியம் எண்டு கேட்டவை."

"என்ன சொன்னீங்க?"

"விலைவாசி எண்டு சொன்னனான்."

சக்கரத்தை மாட்டி நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்குகிறார். கடைசி நட்டில் கை நிற்கிறது.

"ரெண்டாவது என்ன எண்டும் கேட்டவை. நான் போனை வச்சிட்டன்."